பழைய ஜி.பி.எஸ் காட்டிய இடம்

எங்கள் படகில் இருந்த ஜி.பி.எஸ் கருவிக்குப் பதினான்கு வயது. பாதித் திரை இருண்டுபோய்விட்டது. மீதிப் பாதியில் எண்கள் தெரியவேண்டுமானால் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு அடி வைக்க வேண்டும். மூன்றாவது அடி வைத்தால் கோபித்துக்கொண்டு அணைந்துவிடும். மழை படாமலிருக்க அரிசிப் பையை வெட்டி அதற்கு உறை போட்டிருந்தேன். மாற்றித் தொலையுங்கள் என்று என் மனைவி நச்சரித்தபோதெல்லாம், "அது நான் சொன்னாக் கேக்கும்" என்று வீறாப்புப் பேசுவேன். உண்மையிலேயே கேட்டது. அதுதான் வினையாகிவிட்டது.

அன்று விடியுமுன் தேங்காய்பட்டணத்திலிருந்து புறப்பட்டு, நாலு மணி நேரம் ஓடி, கடலுக்கடியில் பாறைத் திட்டு இருக்கும் ஓரிடத்தில் தூண்டில் போட்டிருந்தோம். அந்த மாதிரித் திட்டை நாங்கள் பார் என்போம். மீன் பாரில்தான் கூடும். அதனால் தன் பார் எங்கே இருக்கிறதென்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கூடப்பிறந்தவனிடம்கூட மூச்சுவிடாத படகுக்காரர்கள் எங்கள் கரையில் உண்டு. படகில் நாங்கள் ஐந்து பேர். நான், என் மனைவியின் தம்பி, என் பெரியம்மா மகன், சித்தப்பா மக்கள் இரண்டு பேர். எல்லாம் ஒரே குடும்பம்.

எட்டு மணிவாக்கில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. இடம் மாற்றலாம் என்று என்ஜினைப் போட்டதும் நங்கூரக் கயிறு புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டு அறுந்தது. மச்சினன் என்ஜின் அறைக்குள் இறங்கிப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து, கயிறு சுற்றி இறுகி நின்ற புரொப்பல்லர் தண்டு திமிறி, அதைப் பிணைத்திருந்த போல்ட்டுகள் உடைந்து தெறித்தன. அலறல் கேட்டு எட்டிப் பார்த்தேன். அவன் வலது கை மணிக்கட்டுக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது. ரத்தம் ஆயிலோடு கலந்து ஓடியது. மேலே தூக்கிவந்து, கையைத் துண்டால் இறுக்கிக் கட்டி, தளத்தில் கிடத்தினோம். படகு இனி ஓடாது. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் அந்தக் கை தேறாது என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஆளே தேறுவானா என்ற பயமும் வந்தது.

வயர்லெஸ்ஸில் கத்தினேன். எங்கள் ஊர்ப் படகு ஒன்று பக்கத்தில் இருந்தது. "நம்பரச் சொல்லு மக்கா, ஒரு மணிக்கூறுல வந்துருவேன்" என்றார் அதன் டிரைவர். இரண்டு அடி வைத்து, திரையில் தெரிந்த எண்களைப் படித்துச் சொன்னேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் குரல் வந்தது. "நீ சொன்ன எடத்துலதான் நிக்கேன். இங்க ஒண்ணும் காணலியே. நீ எங்கன கெடக்க?"

"அங்கதான் கெடக்கேன், கண்ணத் தொறந்து பாருங்க!"

சுற்றிலும் மழை. படகின் முன்முனையே மங்கலாகத்தான் தெரிந்தது. அவர் சுற்றிச் சுற்றி வருவதாகச் சொன்னார். எங்கள் காதில் ஒரு என்ஜின் சத்தமும் விழவில்லை.

என் ஆத்திரமெல்லாம் கருவியின் மேல் பாய்ந்தது. உறையைப் பிய்த்து எறிந்தேன். பேட்டரி வயரைக் கழற்றி, முனையில் பச்சையாகப் பூத்திருந்த களிம்பைக் கத்தியால் சுரண்டினேன். ஃபியூஸை மாற்றினேன். இன்னொரு பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தேன். ஆன்டெனா கேபிளைத் திருகி எடுத்து, பனியனால் துடைத்து, மறுபடி மாட்டினேன். ஒவ்வொரு முறையும் அது சாட்டிலைட்டைத் தேடிப் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் நான் மாதாவைக் கூப்பிட்டேன், அதே வாயால் மெஷினைக் கெட்ட வார்த்தையில் ஏசினேன். கடைசியில் எண்கள் வரும். எங்கள் படகு கொஞ்சம் இழுபட்டிருந்ததே தவிர, எண்கள் ஏறக்குறைய அவையேதான். நான் திரும்பத் திரும்ப அவற்றைச் சொன்னேன். அவர் திரும்பத் திரும்ப வெறும் தண்ணீரைப் பார்த்தார்.

"அத்தான், வாறாங்களா?" என்று மச்சினன் கேட்டான். உதடு வெளுத்திருந்தது.

"இதோ வந்துட்டாங்க மக்கா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான். அப்புறம் அவன் கேட்கவில்லை. குடிக்க வெள்ளம் மட்டும் கேட்டான்.

பத்து வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்த பெரியம்மா மகனுக்குத்தான் அப்போது போன் ஞாபகம் வந்தது. நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்திருந்தான். சிக்னல் இல்லை. ஆனாலும் அதிலிருந்த திசைகாட்டி ஆப்பில் நாங்கள் நிற்கும் இடத்தின் எண் தெரிந்தது. அவன் படித்தான். நான் எங்கள் கருவியோடு ஒப்பிட்டேன். அட்சரேகையில் நாலு நிமிடம் வித்தியாசம். அந்தக் கணக்கில் ஒரு நிமிடம் என்பது கடலில் ஒரு மைல் தூரம்.

"போன் தப்பாக் காட்டுது" என்றேன். சொல்லி முடிக்குமுன் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்த நாலு நான் வைத்த நாலு.

ஆறு வருடத்துக்கு முன் ஒருநாள் இதே பாரில் வேறொரு படகு நங்கூரம் போட்டுக் கிடந்ததைப் பார்த்தேன். அதில் என் மச்சினனின் அண்ணன் இருந்தான். எங்கள் படகில் என்னைத் தவிர ஜி.பி.எஸ் பார்க்கத் தெரிந்தவன் மச்சினன் ஒருவன்தான். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரும் கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்ததும் தனியாகப் படகில் போய் உட்கார்ந்தேன். காட்டும் இடத்தில் திருத்தம் போட அந்தக் கருவியில் ஒரு வழி இருந்தது. அதில் வடக்கே நாலு நிமிடம் கூட்டி வைத்தேன். சேமித்திருந்த பார்கள் அத்தனைக்கும் நாலைக் கூட்டி, பொழுது சாயும்வரை மறுபடி பதிந்தேன். கருவி எங்களைச் சரியாகப் பாருக்குக் கொண்டுபோகும். திரையைப் பார்த்து எண்ணைத் திருடுகிறவன் மட்டும் நாலு மைல் வடக்கே வெறுங்கடலில் நிற்பான். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. நாளாக நாளாக எனக்கே மறந்துபோயிற்று. யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் ஒரு பொய்யோடு ஆறு வருடம் குடித்தனம் நடத்தினால் அது மெய்யாகிவிடுகிறது.

மைக்கைக் கையில் எடுத்தேன். அந்தச் சேனலைப் பத்துப் படகாவது கேட்டுக்கொண்டிருக்கும். சரியான எண்ணைச் சொன்னால் அந்தப் பார் இன்றோடு ஊர்ச்சொத்து. இதை எழுத எனக்குக் கூசுகிறது. மச்சினன் என் காலடியில் ரத்தம் வடியக் கிடந்தான், நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். கொஞ்ச நேரம்தான். ஆனால் யோசித்தேன்.

"மெஷின் கேடு. நாலு மைல் தெக்க வாங்க" என்றேன்.

முக்கால் மணி நேரத்தில் மழைக்குள்ளிருந்து அந்தப் படகு வந்தது. அதற்குள் மூன்று மணி நேரம் போய்விட்டிருந்தது. அவனையும் என்னையும் ஏற்றிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் அவன் வலது கையில் இரண்டு விரல்தான் மிஞ்சியது. "ரெண்டு மூணு மணி நேரம் முன்னால கொண்டுவந்திருந்தா விரலைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். என் மனைவி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "மனுசன் கையத் தின்ன மெஷின்" என்று அவள் சொன்னபோது நானும் தலையாட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது கூடத்தைத்தான் குறை சொன்னாள். நான் வாயில்லாத ஒன்றின் தலையில் என் குற்றத்தைக் கட்டினேன்.

இரண்டு மாதம் கழித்துப் புதுக் கருவி வாங்கினேன். பொருத்த ஆள் வருவதற்கு முந்தின நாள், பழையதிலிருந்து அந்தத் திருத்தத்தை அழித்துவிடப் பார்த்தேன். மெனு பட்டன் உள்ளே அமுங்கிச் சிக்கியிருந்தது. குத்திப் பார்த்தேன், நெம்பிப் பார்த்தேன், வரவில்லை. சரி, அப்படியே கடலில் போட்டுவிடலாம் என்றிருந்தேன்.

மறுநாள் குளச்சலிலிருந்து மெக்கானிக் வந்தார். மச்சினனும் கட்டுப்போட்ட கையோடு வந்து, மீன்பெட்டி மேல் உட்கார்ந்தான். நான் கூப்பிடவில்லை. "பழசு வேண்டாம், தூரப் போட்ருங்க" என்று மெக்கானிக்கிடம் சொன்னேன்.

"என்னத்துக்கு அத்தான்? நம்ம பாரெல்லாம் அதிலதான கெடக்கு?" என்றான் மச்சினன். "அத புதுசில ஏத்தித் தாங்க அண்ணே."

மெக்கானிக் கருவியைத் திறந்து, பட்டனுக்கு அடியில் உறைந்திருந்த உப்பைத் துடைத்தார். மெனு வந்தது. கொஞ்ச நேரம் எதையெதையோ அழுத்திவிட்டு, என்னைப் பார்த்தார்.

"எடம் காட்டுததுல இதுக்கு ஒரு கேடும் இல்ல. யாரோ நாலு நிமிசம் கூட்டி வச்சிருக்காங்க. எடுத்துட்டேன், பாருங்க. இப்போ நிக்க எடம் கரெக்டாக் காட்டுது."

மச்சினன் எழுந்து வந்து திரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"யாரு வச்சது?"

"நான்தான்."

"யாருக்குப் பயந்து?"

"வெளியாளுக்குத்தான் மக்கா."

"இந்தப் போட்டுல வெளியாளு யாரு அத்தான்?"

மெக்கானிக் குனிந்து ஸ்க்ரூ தேடுவதுபோல் பாவனை செய்தார். மச்சினன் இடது கையால் கைப்பிடியைப் பற்றி, கரையில் இறங்கிப் போனான்.

புதுக் கருவி பளிச்சென்று காட்டுகிறது. அடிக்க வேண்டியதில்லை. ஐந்து மாதமாக மச்சினன் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. "என் தம்பிக்கு நம்மமேல என்ன கோபம்?" என்று மனைவி தினமும் கேட்கிறாள். நான் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆறு வருடத்துக்கு முன் அந்தப் பாரைத் தன் அண்ணனுக்குக் காட்டிக்கொடுத்தது அவன்தானா என்பது எனக்கு இன்றும் தெரியாது.