வீட்டுக்குத் தூரம்

அன்பான சகோதரிகளே, ஒரு தப்பான வார்த்தையை வைத்துக்கூட ஆண்டவர் உயிரைக் காப்பாற்றுவார். அதற்கு நானே சாட்சி.

அறுபதுகளின் கடைசியில் போர்ட் பிளேர் பக்கம் இருந்தோம். வீட்டுக்காரருக்குப் படகு வேலை. எனக்கு உதிரப்போக்கு நிற்கவே இல்லை. எழுந்தால் கண் இருட்டும். அவரோ கடலுக்குப் போயிருந்தார். மாதா படத்துக்கு முன் விழுந்து, "தாயே, என் பிள்ளைகளை அநாதை ஆக்கிராதே" என்று கதறினேன். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அது எங்கள் தெருமுனையில்தான்.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. பஜாரில் கற்ற தமிழோடு ராஞ்சிக்கார ஆயா ஒருத்தி நடுவில் நின்றாள். ஆம்பிளை முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நம் ஊர் வழக்கப்படி தலையைக் குனிந்து, "வீட்டுக்குத் தூரம்மா. நிக்கவே மாட்டேங்கு" என்றேன்.

அவளுக்கு வீடும் தெரியும், தூரமும் தெரியும். "சாப், இஸ்கா கர் பஹுத் தூர் ஹை" என்றாள், அதாவது இவள் வீடு ரொம்பத் தூரம் என்று. தூர் என்று காதில் விழுந்ததும் நானும் பலமாகத் தலையாட்டினேன்! வேறு தீவிலிருந்து வந்தவள், கப்பல் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று டாக்டர் கட்டில் கொடுத்துவிட்டார். இல்லாவிட்டால் மாத்திரையோடு அனுப்பியிருப்பார். அன்று சாயங்காலமே மயங்கி விழுந்தேன். விரிப்பைப் பார்த்த நர்ஸ் டாக்டரைக் கூட்டிவர ஓடினாள். ரத்தம் ஏற்றி, ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள். மாதாவுக்குக் கோடி நன்றி.

ஆனால் என் நாத்தனார் ரோஸ்மேரியை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. முந்தின வருஷம் அவளுக்கும் இதேதான். நன்றாக இந்தி பேசும் என் வீட்டுக்காரரே கூட்டிப் போனார். கல்யாணமாகாத பெண் கூடப்பிறந்த அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வாள்? "வயித்துவலிண்ணே" என்றாள். அவரும் அதைப் பிசகாமல் டாக்டரிடம் சொன்னார். மாத்திரை வாங்கி வந்தார்கள். கடைசியில் அவள் உடம்பைக் கழுவும்போதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. பாவி மகள், என்னிடமாவது சொல்லியிருக்கலாமே! அந்தப் பயத்தில்தான் நான் படகு திரும்பும்வரை காத்திருக்கவில்லை.

இப்போது எங்கள் தெருப் பெண்களை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். "கூன் ருக்தா நஹீன், டாக்டர் சாப்", ரத்தம் நிற்கவில்லை என்று கூசாமல் சொல்கிறேன். நம்பிக் கேளுங்கள், மாதா கைவிட மாட்டாள். ஆனால் ஜெபித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். ரோஸ்மேரியும் ஜெபித்தாள். ஜெபமாலையை அவள் கையிலிருந்து நாங்கள்தான் எடுத்தோம்.