ராஜா செத்ததும் சாப்பாட்டுக்கு எழுந்தவர்கள்

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் அந்த விடுதியில் சமையல் செய்தவளை எல்லோரும் ‘டங்’ அக்கா என்றே கூப்பிட்டார்கள். மூன்று மாடிக் கட்டடம். ஏறி ஏறிக் கூப்பிட அவள் முட்டி இடம் கொடுக்காது. அதற்காகவே சமையலறை வாசலில் ஒரு சேகண்டி தொங்கியது. தாம்பாள அகலம், விளிம்பு மடிந்த கனத்த வெண்கலம். விடுதிக்காரர் ஒரு காலத்தில் கப்பலில் வேலை பார்த்தவர். மூடுபனியில் நங்கூரம் போட்டு நிற்கும்போது வேறு கப்பல் வந்து மோதாமலிருக்க, பின்பக்கத்தில் நின்று அடிக்கும் சேகண்டி அது. கப்பலை உடைத்து விற்ற அன்று அதை மட்டும் கேட்டு வாங்கி வந்துவிட்டார்.

அக்கா எடுத்த எடுப்பில் ஓங்கி அடிக்கமாட்டாள். துணி சுற்றிய கட்டையால் குழந்தையை எழுப்புவது போல மெல்லத் தட்டுவாள். வெண்கலம் முனகத் தொடங்கியதும் நடுவுக்குச் சற்றுக் கீழே ஒரே போடு. கையோடு, “ஆறிப்போகுது, வாங்க!” என்று ஒரு கத்தல். கட்டடமே தடதடவென்று இறங்கிவரும்.

அடுத்த கட்டடம் நாடகக் கொட்டகை. ஒருநாள் சாயங்காலம் அதன் இயக்குநர் சமையலறைக்கே சண்டைக்கு வந்துவிட்டார்.

“ஏம்மா, ஒத்திகைல எங்க ராஜா சாகுற நேரம் பாத்துத்தான் அடிப்பீங்களா? செத்தவரு எழுந்து பசிக்குதுங்கறாரு!”

“அரை மணி முன்னாடியே சாகச் சொல்லுங்களேன். நானா தடுக்கப் போறேன்?”

முறைத்துக்கொண்டு போன மனிதர், அந்த வாரமே பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அவர்களுடைய சேகண்டி கீறல் விட்டுவிட்டதாம். அடித்தால் தகர மூடி மாதிரி கேட்கிறதாம். ராஜா சாகும் காட்சிக்கு இதை இரவல் தர முடியுமா?

“சேகண்டி வந்தா கூடவே நானும் வருவேன். கண்டவங்க கையில குடுக்க முடியாது” என்றாள் அக்கா.

முதல் நாள் நாடகத்துக்கு விடுதிப் பெண்கள் அத்தனை பேரும் வந்து முன்வரிசைகளை அடைத்துக்கொண்டார்கள். திரைக்குப் பின்னால் அக்கா கட்டையோடு நின்றாள். மேடையில் ராஜா தள்ளாடி விழுந்தார். பகலில் அவர் முடிதிருத்துபவர், மாலையில்தான் ராஜா. இயக்குநர் கையசைத்தார். அக்கா மெல்லத் தட்டினாள், பிறகு ஒரே போடு. கொட்டகை அதிர்ந்தது.

முன்வரிசைகள் மொத்தமும் எழுந்து நின்றன. ஒருத்தி கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து இரண்டடி நடந்தே விட்டாள். இடைவேளை போலிருக்கிறது என்று பின்வரிசைக்காரர்களும் கிளம்பினார்கள். போதாக்குறைக்கு அக்காவின் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஆறிப்போகுது, வாங்க!”

பிணத்தின் வயிறு குலுங்கியது. அழுதுகொண்டிருந்த ராணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கூட்டம் சிரித்த சிரிப்பில் திரையை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

அக்காவுக்கு அவமானத்தில் முகம் சுண்டிவிட்டது. ஆனால் மறுநாள் காலை இயக்குநர் குஷியாக வந்து நின்றார்.

“ஊரே அதைத்தான் பேசுது. இன்னைக்கும் அப்படியே கத்திடுங்க!”

“மாட்டேன். நேத்து வாய் தவறிடுச்சு. தினமும் தவறுமா? உங்க ராஜாவை ஒழுங்கா சாக விடுங்க.”

அன்று வாயில் ஒரு மிட்டாயை அடக்கிக்கொண்டு நின்றாள். விடுதிப் பெண்களும் விடாமல் வந்திருந்தார்கள். நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அடித்தாள். யாரும் அசையவில்லை. ஒலி பொங்கி, கூரைவரை போய், இழைந்து இழைந்து இறங்கியது. விடுதியில் என்றைக்கும் தட்டு, டம்ளர் சத்தம் அதை முழுங்கிவிடும். தான் அடிக்கும் சேகண்டி இவ்வளவு நேரம் பேசும் என்பது அக்காவுக்கே அன்றுதான் தெரிந்தது. மிட்டாயை மென்றுகொண்டே அழுதாள். மூன்றாம் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

இப்போதெல்லாம் நாடக நாட்களில் சமைத்து மூடி வைத்துவிட்டு, சேகண்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு அக்கா கொட்டகைக்குப் போய்விடுகிறாள். சாப்பிடக் கூப்பிடுவது விடுதிக்காரர் பொறுப்பு. அவர் மாடிப்படியில் நின்று குக்கர் மூடியைக் கரண்டியால் அடிக்கிறார்.

“என்னங்க, எதாவது விழுந்துடுச்சா?” என்று மேலேயிருந்து கேட்கிறார்களே தவிர, ஒருத்தரும் இறங்கிவருவதில்லை.