சின்னையனின் கட்டைவிரல்

கொழிஞ்சாம்பாறை பஸ் கிளம்பத் தயாராக உறுமுகிறது. சின்னையனோ அதைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். டயரைத் தட்டுகிறார், குனிந்து அடியில் பார்க்கிறார். ஒரு சுற்று முடித்துக் கட்டைவிரலை உயர்த்தினால்தான் கண்டக்டர் பெல் அடிப்பார். விமானப்படையில் கான்பெரா குண்டுவீச்சு விமானங்களைப் பழுதுபார்த்து, 'பறக்கலாம்' என்று விரல் உயர்த்தி அனுப்பிவைத்த மனுஷர். உத்தியோகம் விட்டாலும் விரல் விட்டபாடில்லை.

அந்தக் கான்பெராக்களுக்கு வயசாகிவிட்டது. ஜாகுவாரா, மிராஜா, விக்கெனா, எதை வாங்குவது என்று தில்லி வருஷக்கணக்காகத் தலையைச் சொறிகிறது. டீக்கடையில் சின்னையன் அதை எப்போதோ முடிவு செய்துவிட்டார்.

"ஜாகுவாருக்கு ரண்டு எஞ்சினுங்க. ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு ஊடு கொண்டாந்து சேத்திப்போடும். மத்ததெல்லாம் ஒத்தை எஞ்சின். ஒத்தை மாட்டை வெச்சு ஏர் ஓட்டுவீங்களா?"

கேட்பவர்கள் வேட்டி முனையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அவர் தொழுவத்து ஏர் ஜோடியில் செவலைக் காளை நொண்டிப் படுத்து இரண்டு மாதமாகிறது.

"ஏனுங்க, தில்லிக்கு ஏரோப்ளேன் அப்பறம் வாங்கலாமுங்க. ஐப்பசி மழை பேஞ்சாச்சு, நம்மூட்டுக்கு ஒரு மாடு புடிங்க" என்று மயிலாத்தாள் கரடியாய்க் கத்துகிறாள். கட்டியவர் காதில் ஏறினால்தானே! சந்தைக்கு மட்டும் வாரம் தவறாமல் போவார். ஒன்றுக்குக் கொம்பு கோணல், ஒன்றுக்குச் சுழி சரியில்லை, இன்னொன்று திரும்பும்போது வலப்பக்கம் சாய்கிறதாம். எதற்கும் விரல் எழவில்லை. புதுசு வந்தால் செவலை அடிமாட்டு வியாபாரி ராக்கப்பன் கைக்குப் போகும். அதுதான் மனுஷருக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

ஒருநாள் ரேடியோவில் செய்தி வந்தது: ஜாகுவார்தான். டீக்கடை கைதட்டியது. சின்னையன் சிரிக்கக் காணோம்.

"அப்ப பழசை என்னுங்க பண்ணுவாங்க?"

"எடைக்குப் போடுவாங்களாக்கும்" என்றது ஒரு குரல். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

பொறுத்துப் பார்த்த மயிலாத்தாள் தன் தம்பியைச் சந்தைக்கு விரட்டி, காரிக்காளை ஒன்றைப் பிடித்துவரச் செய்துவிட்டாள். மாடு வந்த சூட்டோடு ராக்கப்பனும் வந்து செவலையின் கயிற்றைப் பிடித்தான்.

"இருப்பா, ஒருக்கா பாத்தர்றேன்" என்றார் சின்னையன். குளம்பைத் தட்டினார். குனிந்து அடிவயிற்றைப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். சுற்று முடிந்தது. மறுபடியும் சுற்றினார்.

"ஏனுங்ண்ணா, வெரலைத் தூக்குங்க. பொழுதாச்சு."

சின்னையன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.