பைனா அவசரப்பட்டு உடைத்த கிண்ணம்

வடக்கத்திச் சிப்பாய்களின் அழுக்குத் துணியை வெளுப்பது பைனாவின் வேலை. கை துணியில் இருக்கும், கண் எதிர்க்கரைக் கோட்டையில் இருக்கும். அடிமைமுறையை வைத்து வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுச் சண்டை ஜார்ஜியாக் கடலோரத்தை எட்டியதும் அவள் இருந்த தீவின் முதலாளி ஓட்டம் பிடித்தார். போகிற போக்கில் அவள் புருஷன் கட்ஜோவைக் கோட்டையிலிருந்த தெற்கத்திப் படைக்குச் சமைக்க அனுப்பிவிட்டார். அடிமையிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? பைனாவின் வயிற்றுப் பிள்ளைகூட அவர் சொத்துதான்.

குளிர்காலம் முழுக்க வடக்கத்தியார் பீரங்கிகளைச் சேற்றில் இழுத்துவந்து மணல்மேட்டுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அந்தக் குண்டுகள்தான் விடுதலை. அவைதான் கட்ஜோவின் தலையிலும் விழும். பைனா எந்தப் பக்கத்துக்கென்று வேண்டிக்கொள்வாள்?

ஏப்ரலில் பீரங்கிகள் முழங்கின. மறுநாள் காலை கோட்டையின் ஒரு மூலை இடிந்து விழுந்தது. சமையற்கட்டு அங்கேதான் என்று கோட்டையிலிருந்து தப்பிவந்த ஒருவன் முன்பே சொல்லியிருந்தான்.

அந்தக் கரையில் ஒருவர் செத்தால் அவர் புழங்கிய பாத்திரத்தை உடைத்துவிடுவார்கள். இல்லையென்றால் சாவு அதே வீட்டுக்குத் திரும்பி வருமாம்.

"கட்ஜோ கிண்ணத்த ஒடச்சிருடி," என்றாள் கூட வெளுக்கும் ஃபீபி.

"பொணத்தப் பாக்காமயாக்கா?"

"வயித்துல புள்ளய வெச்சுக்கிட்டு வீம்பு பண்ணாத. சாவு உன்கிட்ட சொல்லிட்டா வரும்?"

பிள்ளையை நினைத்துப் பைனா பயந்துபோனாள். ஓவென்று அழுதபடியே கிண்ணத்தைத் துவைகல்லில் போட்டு உடைத்தாள்.

அன்று மதியமே கோட்டையில் வெள்ளைக்கொடி ஏறியது. அடுத்த நாள் படகிலிருந்து கட்ஜோ இறங்கினான். முகமெல்லாம் கரி, ஒரு காது அடைத்திருந்தது, மற்றபடி ஆள் முழுசு. பைனா அவனைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

"பசி உயிர் போகுதுடி. எங் கிண்ணம் எங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஃபீபிக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஒன்னத்தான் நேத்தே சாகடிச்சாச்சே! பொண்டாட்டி கையாலயே கிண்ணம் ஒடஞ்சுது."

கட்ஜோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நல்ல காரியம் பண்ணினே! செத்தவன எந்த முதலாளி வந்து கேப்பான்?"

பைனா தன் தட்டில் சோறும் சிப்பிக்கறியும் போட்டு நீட்டினாள். பிறகு அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

"அப்ப இது யாருதுங்க?"

"நம்மளுதுடி," என்றான் கட்ஜோ, வாய் நிறையச் சோற்றோடு.