அப்பத்தை முதலில் கேட்டவர்

போன ஞாயிறு பூசை முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனேன். பிலோமினா அன்ரி வழிமறித்துக்கொண்டார். எங்கள் கொழும்புத்துறைப் பங்கின் செபக்குழுவுக்கு அவர்தான் தலைவி.

“தம்பி, உம்முடைய பத்தியிலை எங்கடை ஸ்ரெல்லாவைப் பற்றி ஒருக்கா எழுதும். எங்கடை குழுவின்ரை செபத்தாலைதானே அவவுக்குப் பிசாசின்ரை பிடியிலையிருந்து விடுதலை கிடைச்சது. வாசிக்கிற சனத்துக்கு உற்சாகமா இருக்கும்.”

“ஓம் அன்ரி, எழுதிறன்” என்றேன்.

இதோ, எழுதுகிறேன்.

ஸ்ரெல்லா அக்காவிடம் அனுமதி கேட்டேன். “பேரை மாத்திப்போட்டு எழுதும்” என்றார். மாற்றிவிட்டேன். பிலோமினா அன்ரியின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். அவர் கேட்கவில்லைதான்... ஆனால் நான் இந்த ஊரில் இன்னும் கொஞ்சக் காலம் வாழ வேண்டுமே!

ஸ்ரெல்லா அக்கா முன்பள்ளி ஆசிரியை. எங்கள் பங்கில் யாருக்காவது ஒப்பரேஷன், பரீட்சை, விசா இன்டர்வியூ என்றால் முதல் போன் அவருக்குத்தான். செபிக்கச் சொன்னால் தொண்டையைச் செருமக்கூட மாட்டார். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரியோடு கதைப்பது போலத் தொடங்கிவிடுவார். கணவர் யோசப் அண்ணை கடற்தொழிலாளி. பூசைக்கு ஒழுங்காக வருவார். பிரசங்கம் தொடங்கியதும் அதே ஒழுங்கோடு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்.

போன வருடம் ஒரு செத்தவீட்டில் செபமாலை. அக்காதான் முன்னுக்கிருந்து சொன்னார். பாதியில் நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருக்கிறது... சத்தம் வரவில்லை. செத்தவீடுதானே, அழுகிறார் என்று நினைத்தோம். பக்கத்தில் இருந்தவர் தொடர்ந்து சொல்லி முடித்தார். பிளேன் ரீ வந்தது. குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டோம்.

அடுத்த கிழமை அக்கா செபக்கூட்டத்துக்கு வரவில்லை. முன்பள்ளிக்கும் போகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. செபிக்க வாயைத் திறந்தால் நெஞ்சின்மேல் ஏதோ ஏறி உட்காருகிறதாம். காதுக்குள் ஒரு குரல், “நீ ஆர் எண்டு கடவுளுக்குத் தெரியுமே?” என்று கேட்கிறதாம்.

காரணம்? ஒன்றும் இல்லை. வீட்டில் சண்டை இல்லை, சாவு இல்லை, சுகயீனம் இல்லை. அங்கேதான் சிக்கல். நம் சொந்தத் துன்பத்துக்குக் காரணம் தெரியாவிட்டால் பரவாயில்லை, சமாளிப்போம். அடுத்தவர் துன்பத்துக்குக் காரணம் தெரியாவிட்டால்? சோறு செமிக்காதே!

செபக்குழுவின் வாட்ஸ்அப்பில் விசாரணை தொடங்கியது. கூப்பிய கைகள் வரிசை வரிசையாக விழுந்தன. பாவசங்கீர்த்தனத்தில் எதையோ மறைத்திருக்கிறார் என்றார் ஒருவர். பெருமை என்றார் இன்னொருவர். ஒரு சகோதரர் மட்டும் எதையும் வாசிக்காமல் ரோசாப்பூப் படத்தோடு ‘இனிய காலை வணக்கம்’ போட்டார். இப்போது யோசித்தால், அக்காவுக்கு ஒரு தீங்கும் செய்யாத ஒரே செய்தி அதுதான்.

கடைசியில் குழு ஒரு முடிவெடுத்தது. என்னை அனுப்புவது! நான்தானே எழுத்தாளர். சொற்களுக்குப் பஞ்சமா?

நீர்வேலிக் கதலி வாழைப்பழம் ஒரு சீப்பும், கடதாசியில் எழுதிய ஏழு வேதவசனங்களுமாகப் போனேன். அக்கா முற்றத்துக் கதிரையில் இருந்தார். இளைத்துப் போயிருந்தார். நான் கடதாசியை விரித்து, குரலில் கொஞ்சம் இரக்கம் சேர்த்து, வாசிக்கத் தொடங்கினேன். மூன்றாவது வசனத்தில் அக்கா கையைக் காட்டினார்.

“தம்பி, உந்த வசனமெல்லாம் உம்முடைய பத்திக்கெண்டு நான்தானே தேடித் தந்தனான்?”

உண்மைதான். வருடக்கணக்காக அவரிடம் போனில் கேட்டு வாங்கியவை. அவர் வீட்டுச் சாமானை அவருக்கே அன்பளிப்பாகக் கொண்டுபோயிருக்கிறேன்.

வழிந்துகொண்டே கடதாசியை மடித்தேன். அக்கா நிலத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

“எனக்குக் கிணத்தடிக்குப் போகப் பயமாக் கிடக்கு தம்பி.”

வாசகர்களே, இந்த வசனத்தை இன்னொரு முறை வாசியுங்கள். நான் அன்று ஒருமுறைகூட ஒழுங்காகக் கேட்கவில்லை. “எல்லாம் சரிவரும் அக்கா, செபியுங்கோ” என்றேன். செபிக்க முடியவில்லை என்று சொல்பவரிடம்! வீட்டுக்கு வந்து, குழுவில் ‘சகோதரியை உற்சாகப்படுத்திவிட்டேன்’ என்று போட்டேன். கைதட்டல்கள் விழுந்தன. நன்றாக நித்திரை கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் பிலோமினா அன்ரி வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியாரைக் கொண்டுவந்தார். பிசாசு ஓட்டுவதில் பெயர் பெற்றவராம். அக்கா வீட்டு விறாந்தை பன்னிரண்டடிதான். அவர் மைக்கும் ஸ்பீக்கரும் கொண்டுவந்திருந்தார். பிசாசுக்குக் காது மந்தம் என்று யார் அவருக்குச் சொன்னார்களோ தெரியாது.

என் கையில் ஒரு போனைத் தந்து வீடியோ எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன்.

பிரசங்கியார் அக்காவைக் கதிரையில் இருத்தி, தலையில் கையை வைத்து அழுத்திக்கொண்டு கத்தினார்.

“உன்ரை பேரைச் சொல்லு!”

“ஸ்ரெல்லா” என்றார் அக்கா.

“உள்ளுக்கிருக்கிறவனே, பேரைச் சொல்லு!”

“ஞானஸ்நானத்திலை வைச்ச பேர் அது ஒண்டுதான் ஐயா.”

பிரசங்கியார் வழியை மாற்றினார். அண்மையில் எங்கே போய்வந்தீர்கள் என்று விசாரித்தார். முன்பள்ளிப் பிள்ளைகளோடு, சைவர்களின் தீர்த்தமான கீரிமலைக்குச் சுற்றுலா போனதாக அக்கா சொன்னார். கேணிப் படியில் நின்று பிள்ளைகளின் துவாய்களைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். கால் நனைந்ததாம்.

“அதுதான்!” என்றார் பிரசங்கியார். பிசாசு கணுக்கால் வழியாக ஏறிவிட்டதாம். கூட்டம் ‘ஆமென்’ என்றது. கீரிமலையில் கால் நனைத்த கத்தோலிக்கர் எல்லோருக்கும் பேய் பிடிப்பதென்றால், எங்கள் பங்கில் பூசை வைக்கிற சுவாமியும் ஒலிபெருக்கியும் மட்டும்தான் மிஞ்சும். ‘ஆமென்’ சொன்னவர்களில் பாதிப்பேர் அங்கே குளித்தே வந்தவர்கள்.

அவர் மறுபடி அழுத்திய அழுத்தத்தில் அக்காவின் தலை ஒருபக்கம் சாய்ந்தது. கண் நேரே போனுக்குள் பார்த்தது. என்னைப் பார்த்தது.

“தம்பி... போதும்” என்றார்.

நான் போனை இறக்கினேன். அவ்வளவுதான் என் வீரம். வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை.

சொன்னவர் யோசப் அண்ணை. அதுவரை வாசலில் நின்றிருந்தவர், உள்ளே வந்து ஸ்பீக்கரின் வயரைக் கழற்றினார். கோபப்படவில்லை.

“ஐயா, அவ காலமையிலையிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை. நீங்கள் எல்லாரும் வெளிக்கிடுங்கோ.”

வெளிக்கிட்டோம். ‘இந்த வீட்டில் விசுவாசம் காணாது’ என்று ஒழுங்கை முழுக்கக் கதைத்துக்கொண்டு போனார்கள். நான் வீடியோவை அழித்தேன். அன்ரி இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. ஆண்டவர் தந்த ஆசீர்வாதங்களை எண்ணும்போது அந்த இரண்டு கிழமையையும் சேர்த்தே எண்ணுகிறேன்.

திங்கட்கிழமை பத்து மணியளவில் மன்னிப்புக் கேட்கப் போனேன். வளவுக்குள் நுழைந்ததும் கிணறு கண்ணில் பட்டது. அதன்மேல் வலை விரித்து, சுற்றிவரக் கல்லோடு சேர்த்துக் கட்டியிருந்தது.

“வேப்பமிலை உள்ளுக்கை விழுது” என்றார் யோசப் அண்ணை, நான் கேட்காமலே.

அவருடைய கண்ணைப் பார்த்தேன். அவர் பார்வையை எடுத்துக்கொண்டார். அக்கா எனக்குச் சொன்னதை அவருக்கும் சொல்லியிருக்கிறார். நான் குழுவில் செய்தி போட்டேன். அவர் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, வலையை எடுத்துக் கிணற்றை மூடினார்.

குசினி வாசற்படியில் அக்கா இருந்தார். அண்ணை பக்கத்தில் குந்தியிருந்து மீன் வெட்டினார். வெட்டிக்கொண்டே செபித்தார். நான் வந்ததற்காக நிறுத்தவுமில்லை, குரலை உயர்த்தவுமில்லை. யேசு கற்பித்த செபம்தான். சின்னப் பிள்ளைகளுக்கும் பாடமான செபம். அவருக்கு மட்டும் பிழைத்துப் பிழைத்து வந்தது. பிதாவைக் கூப்பிட்ட கையோடு அன்றாட அப்பத்தைக் கேட்டுவிட்டார். இடையில் வரவேண்டிய ‘உம்முடைய இராச்சியம் வருக’ வெளியே நின்றது.

அக்கா தலை நிமிர்த்தாமல் சொன்னார்.

“முதல் இராச்சியம். பிறகுதான் அப்பம்.”

“பசிச்ச மனிசனுக்கு ஏனப்பா முதல் இராச்சியம்?”

“உங்களுக்குப் பசிக்குது எண்டதுக்காக மாத்தேலாது. திருப்பிச் சொல்லுங்கோ.”

திருப்பிச் சொன்னார். இம்முறை மன்னிப்புக் கேட்கும் வரியைத் தவறவிட்டார். முன்பள்ளி ரீச்சரால் பொறுக்க முடியுமா? “சரி, நான் சொல்லச் சொல்லச் சொல்லுங்கோ” என்று அக்கா தொடங்கினார். ஒரு வரி அவர், ஒரு வரி இவர். மூன்றாவது வரியில் அக்காவின் குரல் அடைத்தது. கை நெஞ்சுக்குப் போனது. அண்ணை மீனைக் கீழே வைத்தார். அவசரப்படுத்தவில்லை. காத்திருந்தார்.

“நானும் உம்மைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், நீர் சொல்லும்” என்றார்.

அக்கா சொன்னார். முடியும்வரை சொன்னார். பிறகு அழுதார். அண்ணையின் கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது, அதோடே அக்காவின் முதுகைத் தடவினார். நான் கொண்டுபோன மன்னிப்பைச் சொல்ல இடமே கிடைக்கவில்லை. எழும்பிப் போய் உலையில் அரிசியைப் போட்டேன். அந்த வீட்டுக்கு நான் செய்த முதல் உதவி அது.

உடனே எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. அடுத்த நாளே அண்ணை அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் ஒரு மணித்தியாலம் இருந்து கேட்டாராம். ‘பேரைச் சொல்லு’ என்று கத்தவில்லையாம். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு என்றார் பிலோமினா அன்ரி. அவருடைய பிரஷர் மாத்திரை மட்டும் விசுவாசத்துக்குள் அடக்கம்.

பல மாதம் எடுத்தது. இடையில் கெட்ட நாட்கள் வந்தன. ஒவ்வொரு நாளும் அண்ணை படியில் குந்தியிருந்து செபத்தைத் தொடங்குவார், பிழை விடுவார், அக்கா திருத்துவார். இப்போது அக்கா முன்பள்ளிக்குப் போகிறார். அந்தக் குரல் என்னவாயிற்று என்று கேட்டேன்.

“இடைக்கிடை வந்து கதைக்கும். கதைச்சிட்டுப் போகட்டும். நான் உம்முடைய அண்ணையைக் கூப்பிட்டு ஒருக்காச் சேர்ந்து செபிப்பன்.”

அது பிசாசா, சுகயீனமா? எனக்குத் தெரியாது. அதற்குப் பிலோமினா அன்ரி இருக்கிறார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அது எதுவாக இருந்தாலும், ஆளைத் தனியாக்கித்தான் விழுத்தப் பார்க்கிறது. நாங்கள் ஸ்பீக்கர், வீடியோ, ஏழு வசனம் எல்லாம் கொண்டுபோய் அக்காவை இன்னும் தனியாக்கினோம்.

செபக்குழு போன மாதம் யோசப் அண்ணையையும் சேர்ந்துகொள்ளச் சொல்லிக் கேட்டது. “எனக்குச் செபம் சரியா வராது” என்று மறுத்துவிட்டார்.

எங்கள் குழுவில் எல்லோருக்கும் சரியாக வரும். வேறென்ன குறை எங்களுக்கு?