குளிரில் இருந்த மூவர்

கோத்தகிரிக்குக் கீழே ஓர் எஸ்டேட்டின் தேயிலை நாற்றங்காலில் ரஞ்சனிக்கு வேலை. ஒரே தாய்ச்செடியின் கிளையை ஒற்றை இலையோடு நறுக்கி மண் பைகளில் ஊன்றுவாள். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள், நனைந்த வெளிச்சத்தில், ஆயிரம் பைகள் மூச்சடக்கி நிற்கும். வேர் விடாததைக் குப்பையில் வீசுவாள்.

சோதனைக் குழாய் முறையில் அவள் மகள் பிரியா உண்டானபோது, மூன்று மாதம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்ட எஸ்டேட் நர்ஸ் நான். மிஞ்சிய மூன்று கருக்களைக் கோயம்புத்தூர் மருத்துவமனை உறைய வைத்திருந்தது. போன மாசியில் கடிதம் வந்தது. பத்து வருடக் கெடு முடிகிறது; அழித்துவிடலாமா, ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறீர்களா? இரண்டு கட்டங்கள், ஒன்றில் டிக் போட வேண்டும்.

அன்றிலிருந்து அவள் நாற்றங்காலில் வெட்டியதைவிட நின்றதே அதிகம். பனி புகும்போது பைகளுக்கிடையே மூன்று பேர் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரிகிறதாம். ரத்த அழுத்தம் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"ஆராய்ச்சிக்குக் குடுத்தா நாலு நோயாளி பொழைப்பாங்கல்ல?" என்றார் கணவர் ஞானசீலன். "நீ தெனமும் வெட்டுறதுதானே புள்ள?"

"அது எத்தன வெட்டுனாலும் ஒரே செடிங்க. இது ஒவ்வொண்ணும் வேற ஆளு."

பங்குச் சாமியாரிடம் போனோம். அவர் சுற்றி வளைக்கவில்லை. "அப்பிடி உண்டாக்குறதத் திருச்சபை ஏத்துக்கறதில்லீங்க. ஆனா உண்டானது மனுச உயிரு. ஒருத்தரக் காப்பாத்த இன்னொருத்தர அறுக்கக் கூடாது. பெரியவங்க எலும்பு மஜ்ஜையிலிருந்து அந்த ஸ்டெம் செல்ல எடுத்தா ஒரு தப்பும் இல்லீங்க."

"அப்ப இவங்கள என்ன பண்ணட்டுங்க, ஃபாதர்?"

"எனக்குத் தெரியலீங்கம்மா."

வெளியே வந்ததும் ரஞ்சனி கேட்டாள். "நர்ஸம்மா, நாப்பத்தொண்ணு வயசுல என் ஒடம்பு தாங்குமுங்களா?"

"கஷ்டம். தங்குறதே சந்தேகம். பிரியாவுக்கே மூணு மாசம் எங்கிட்டத் திட்டு வாங்கினவ நீ."

"இன்னொருக்கா வாங்கிக்கறேனுங்க."

இரண்டு கட்டங்களையும் வெறுமையாக விட்டு, கீழே 'நானே சுமக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

உறைநிலையிலிருந்து எடுத்ததில் இரண்டு பிழைக்கவில்லை. மூன்றாவதை உள்ளே வைத்தார்கள். மேட்டுப்பாளையம் தாண்டி பஸ் மலையேறியது. மேகம் ஜன்னலைத் தொட்டுத் தொட்டு வந்தது. வயிற்றில் கை வைத்தபடி அவள் தூங்கினாள், தூக்கத்தில் யாரிடமோ ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு.

பதினோராம் நாள் உதிரம் போனது. துணி மாற்றி, கஞ்சி கொடுத்தேன்.

"குளிர்லயே கெடக்காம, ஒண்ணாவது ஊட்டுக்கு வந்துட்டுப் போச்சுங்க" என்றாள்.

அடுத்த வாரம் வேலைக்குப் போனாள். வேர் விடாதவற்றை வழக்கம்போலக் குப்பையில் வீசினாள். அவை செடிகள்.