யாரு குடுத்த பாதி

வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரு பந்தல்குடி. அந்த ஊர்ல இருந்துக்கிட்டு, புள்ளைக்கு வெயில் காட்டாம வளத்தவள்னு தங்கமாரிக்குப் பேரு வந்துச்சே, இந்த அநியாயத்தை எங்க போயிச் சொல்ல!

மக வெள்ளைத்தாய்க்கு ரெண்டு வயசுல காலு வளைஞ்சுபோச்சு. தலையில ஒத்த முடி கிடையாது. குலசாமிக்கு மொட்டை போடப் போனா, எடுக்க என்ன இருக்கு? சாமியே வேண்டாம்னுருச்சுன்னு ஊரு பேசுச்சு. தங்கமாரி தினமும் எண்ணெய் தேச்சு இளவெயில்ல போட்டா. டவுனு டாக்டரு வைட்டமின் டி ஊசி போட்டாரு. ம்ஹூம், ஒண்ணுக்கும் கேக்கலை.

எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு பொறந்ததில்லன்னு மாமியா அழகுத்தாய்க்கு ஓயாத பேச்சு. மாமியா யாரு, தங்கமாரி அப்பன்கூடப் பொறந்த அத்தைதான். தானா வந்து பொண்ணு கேட்டவ, இப்ப இவ வயிறு சரியில்லன்னு தங்கமாரியோட தங்கச்சி கஸ்தூரியையும் மகனுக்கே கட்டிவைக்கக் கிளம்பிட்டா. மகன் காளீஸ்வரன் லாரி ஓட்டுறவன். ரோட்டுல போடுற சத்தம் ஆத்தாகிட்ட வராது.

தொண்ணூத்தி ரெண்டுல புருசனும் பொண்டாட்டியும் புள்ளையத் தூக்கிக்கிட்டு மதுரைக்குப் போனாக. அங்க ஒரு டாக்டரம்மா ரத்தமெல்லாம் பாத்துட்டு வெளக்கமாச் சொன்னாக. வைட்டமின் ஒடம்புல நெறையவே இருக்காம். அதை வாங்கிக்கிற இடந்தான் பிறவியிலேயே பழுதாம், முடி மொளைக்காததும் அதனாலதானாம். ஆளுக்குப் பாதி அந்தப் பழுதை வெளிய தெரியாம வச்சிருந்திருக்கீக, ஒரே பாட்டன் வழியா வந்திருக்கணும், ரெண்டும் புள்ளைகிட்ட சேந்துருச்சுன்னாக. சுண்ணாம்புச் சத்தை நேரா நரம்புல ஏத்துனா எலும்பு தேறும், முடிக்கு உறுதி சொல்ல முடியாதுன்னுட்டாக.

ஊருக்குத் திரும்புனா, அத்தை வெத்தலை பாக்குத் தட்டோட கஸ்தூரிய உறுதி பண்ணக் கிளம்பி நிக்கிறா. தங்கமாரி வாசலை மறிச்சா.

"என் பாதி எங்கப்பா குடுத்தது அத்தை. அவுக பாதி நீங்க குடுத்தது. கஸ்தூரிக்கும் அதே அப்பன்தான?"

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் ஒண்ணுவிடாம எடுத்துச் சொன்னா. அழகுத்தாய் நம்பாம மகனைப் பாத்தா. எப்பவும் வாய் தொறக்காதவன், இவ சொல்றது மெய்தான் ஆத்தான்னான். தட்டைக் கீழ வச்சுட்டு அவ அப்படியே உக்காந்துட்டா.

இந்த நாளுக்குத்தான தங்கமாரி பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா. நல்லா நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேக்கணும்னு இருந்தவளுக்கு, அத்தை மொகத்தைப் பாத்ததும் வாய் வரலை.

"அப்ப அந்தப் புள்ள காலு என்னாலயா வளைஞ்சுச்சு?"

"யாராலயும் இல்ல அத்தை."

யாராச்சும் தனக்குச் சொல்ல மாட்டாகளான்னு இத்தனை வருசமா ஏங்குன வார்த்தை அது. அதை அத்தைக்குச் சொல்லும்போதுதான் அவளுக்கே அழுகை வந்துச்சு.